சப்வூஃபரும் மாப்பிள்ளை அழைப்பும்

பிடிவாதக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. யார் சொல்வதும் காதில் விழாது. அந்தக் காதில் சப்வூஃபரும் சேர்ந்து அடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஸ்ரீரங்கத்தில் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் என்று ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு அரைமனசு. மாப்பிள்ளையின் சித்தப்பா, காபி ஆறிப்போச்சு என்று நிச்சயதார்த்தத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்.

"ஊர்வலத்துல ஒரு குறை வந்தா அந்த மனுஷன் மண்டபத்துக்குள்ள வரமாட்டார்ம்மா. அக்கா வாழப்போற வீடு."

"குறையா? ஸ்ரீரங்கமே திரும்பிப் பார்க்கும்பா!" (பார்த்தது. அதற்கு வருகிறேன்.)

திருவெறும்பூர் வீட்டிலேயே சப்வூஃபர் என்கிற அதிரடி ஸ்பீக்கரையும் அதற்குச் சத்தம் கூட்டும் ஆம்ப்ளிஃபயரையும் நானே டிக்கியில் மாட்டியிருந்தேன். பாக்கி ட்யூனிங்தான். ஊர்வலம் கிளம்பும் பிள்ளையார் கோயில் பக்கம் பூ ஜோடித்து நின்ற காரில் மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன். பாட்டைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் கெயின் திருகை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல ஏற்ற வேண்டும். சத்தம் கரகரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். அவ்வளவுதான். ஏற்றினால் நம்பர் பிளேட் தடதடத்தது. இறக்கினால் எங்கள் வீட்டு மிக்ஸியே தேவலை என்றிருந்தது. நடுவில் இன்ஜின் சத்தம் வேறு குழப்பியது. இன்ஜினை அணைத்தேன். ஆகா, என்ன துல்லியம்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கோயிலுக்கு எதிர்வீட்டு மாமா வந்தார். "ஏம்மா, எங்காத்து அலமாரில டம்ளரெல்லாம் தானா நகர்றது. போறும்மா."

"அஞ்சே நிமிஷம் மாமா!"

அந்த அஞ்சு நிமிஷம் விளக்கு வைக்கும் நேரம் வரை போனது. ஆனால் ஜெயித்துவிட்டேன். ஒரு கரகரப்பு இல்லை.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை பின்சீட்டில் ஏறினார். சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடி திருப்பினேன். டிக். இன்ஜின் ஓடாத காரில் மணிக்கணக்காகப் பாட்டுப் போட்டதில் பேட்டரியை சப்வூஃபர் சுத்தமாகக் குடித்து முடித்திருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

"பொண்ணு வீட்டு லட்சணம் இதுதானா?" சித்தப்பா தோள் துண்டை உதறினார். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் விடுவேனா? கியரை நியூட்ரலுக்கு மாற்றி, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மண்டபம் வரைக்கும் நான் தள்றேன்பா" என்று பின்னால் போய் நின்றேன். தம் பிடித்துத் தள்ளியதில் கார் ஒரு சாண் நகர்ந்தது.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். "ஸ்டீயரிங்கை யாருங்க பிடிக்கிறது?"

அடடா, அதை யோசிக்கவில்லை. அவர் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீங்க உள்ள போய் உட்காருங்க. சித்தப்பா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. மத்தியானம் சாப்பிட்டது செரிக்கட்டும்."

மாப்பிள்ளையே தள்ளும்போது சித்தப்பா சும்மா நிற்க முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே கை வைத்தார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முன்னால் நாதஸ்வரம், பின்னால் வியர்வையில் நனைந்த மாப்பிள்ளை, நடுவில் பூ ஜோடித்த காரில் மடியில் மாலையோடு நான். சித்திரை வீதியே வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தது. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை, காருக்குள் யார் என்று பார்க்காமல் எனக்கே சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டாள்.

இப்போது அம்மா எனக்கு வரன் தேடுகிறாள். தரகர் வந்து உட்கார்ந்தால் போதும், அத்தான் ஆரம்பித்துவிடுவார்:

"இவளுக்கு மாப்பிள்ளை அழைப்பே முடிஞ்சாச்சுங்க. நான்தான் தள்ளிக்கிட்டு வந்தேன். இனிமே நல்ல பொண்ணா ஒண்ணு பார்த்தாப் போதும்."