நடு மண்டைக்குப் பலன் போடவில்லை

மேலகரம், தென்காசி
ஞாயிறு காலை, சாரல் விட்டபாடில்லை

அன்புள்ள தம்பி கோமதிசங்கருக்கு,

உன் அக்கா சண்முகசுந்தரி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அது முழு உண்மை இல்லை என்பதால் எழுதவில்லை. நீயும் ஸ்ரீமதியும் தாம்பரத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை நான் சுலபத்தில் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்காததில் தவறும் இல்லை. ஆகையால் தபாலில் எழுதுகிறேன். வரிகள் மேலும் கீழும் போயிருந்தால் பொறுத்துக்கொள். பாளையங்கோட்டை கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய அதே கைதான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதால் கோடு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை.

உன் பித்தப்பை ஆபரேஷனை நீ சந்திராஷ்டமம் என்று தள்ளி வைத்தபோது குடும்ப வாட்ஸப்பில் நான் எழுதியதை நான் மறக்கவில்லை. டாக்டர் கத்தியை எடுக்கும்போது சந்திரன் எந்த வீட்டில் இருந்தால் என்ன, நீ உன் வீட்டில் இல்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் உன்னைப் பார்த்து வளரக் கூடாது என்றும் எழுதினேன். உன் மருமகன் விஜயசங்கரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எழுதும்போது ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. நீ ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினாய். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். உனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன புதன்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. வழக்கமாக வரும் இசக்கிப்பாண்டி ஆட்டோவோடு வாசலில் நின்றான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் வாசல்படி தாண்டும்போது நடு மண்டையில் குளிர்ச்சியாக ஏதோ விழுந்து தரையில் உருண்டது. குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறம், வால் இருந்தது. பல்லி என்று சொல்லிவிட்டேன். இசக்கிப்பாண்டி முகம் மாறி, "தலையிலயா விழுந்துச்சு டீச்சரம்மா? கொஞ்சம் உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புவோமா?" என்றான். நான் அவனுக்குப் பாடம் எடுத்தேன். ஈரக் காலத்தில் சுவர் நனைந்தால் பல்லிக்குப் பிடிப்பு தளரும், புவியீர்ப்பு விசைக்கு யார் தலை என்ற பாகுபாடு கிடையாது என்றேன். பின்னே அது ஏன் அசையவில்லை என்று கேட்டான். அதிர்ச்சியில் சில உயிரினங்கள் செத்ததுபோல் கிடக்கும் என்று அதையும் விளக்கினேன். விளக்கிக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தெரிகிற இடம் வந்ததும் அவன் எப்போதும் ஹேண்டிலை விட்டுவிட்டு ஒரு கும்பிடு போடுவான். நானும் எப்போதும் திட்டுவேன். அந்தக் கோபுர வாசலில் அடிக்கிற காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவது, அதில் அருள் ஒன்றும் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் திட்டவில்லை. கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்தான். அப்போது என் கைகள் எந்த நிலையில் இருந்தன என்பதை நான் எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அஃப்ரின். என்னிடம் பத்தாம் வகுப்பில் அழுத்தம் பாடம் படித்த பெண். என் கையில் பட்டையைச் சுற்றி என் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள், மெஷினை மாற்றிப் பார்த்தாள். "டீச்சர், பயப்படுறீங்களா?" என்றாள். எனக்கு எதற்குப் பயம் என்றேன். "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள். ஆட்டோ வெளியில் நிற்கிறது என்றேன். அவள் மாத்திரை எழுதிக் கொடுத்து, இவ்வளவு பிரஷரில் கண்ணைத் தொட முடியாது, இறங்கின பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். என்ன நடந்தது என்பது எனக்குத் தெளிவாகவே தெரியும் சங்கரு. ஆபரேஷனை நிறுத்தியது பல்லி இல்லை, பல்லி நிறுத்திவிடும் என்ற என் பயம். கரும்பலகையில் படம் போட்டு விளக்க என்னால் முடியும். ஆனாலும் விளக்க விளக்க பிரஷர் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தினசரி காலண்டரைக் கழற்றி அட்டையைத் திருப்பினேன். அங்கேதான் பல்லி விழும் பலன் போட்டிருப்பார்கள். எழுத்து பொடி. கண்ணில் புரை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்யாத கண்ணால், ஆபரேஷன் செய்யலாமா என்று படித்தேன். தலை இடது பக்கம் துன்பம், வலது பக்கம் கலகம் என்றிருந்தது. எந்தப் பக்கம் விழுந்தது என்று இசக்கிப்பாண்டியிடம் போனில் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "நட்ட நடு மண்டையிலல்லா டீச்சரம்மா" என்றான். நடு மண்டைக்குப் பலன் போடவில்லை. இத்தனை வருஷமாக அச்சடிக்கிறவர்கள் இதைக்கூட யோசிக்க மாட்டார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பது புரிந்தது.

பல்லி விழுந்தால் தலை முழுக வேண்டும் என்பார்கள் இல்லையா. குளியலறையில் முழுகினால் போதாதா என்ன. நான் ஐந்தருவிக்குப் போனேன். சீசன் கூட்டம். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்து நின்றபோது பக்கத்துத் தலை திரும்பியது. அடுத்த வீட்டு ஷரீபுன்னிசா, கத்தாரிலிருந்து லீவில் வந்த மகளோடு நின்றாள். அருவிக் காற்றில் எதிர்மின் அயனிகள் அதிகம், உடம்புக்கு நல்லது என்று தண்ணீர் குடித்துக்கொண்டே விளக்கினேன். முழுவதும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "பல்லி விழுந்துட்டாம்லா டீச்சர்? இசக்கி சொன்னான். எங்க மாமியா மேல விழுந்தா நாங்க பல்லிக்கு என்ன ஆச்சோன்னுதான் பாப்போம்" என்றாள். அருவிக்குள் நின்றதால் என் முகம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

தலை முழுகியும் பிரஷர் இறங்கவில்லை. இசக்கிப்பாண்டிதான் அடுத்த வழி சொன்னான். காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தவர்களுடைய கையைத் தொட்டால் தோஷம் போய்விடுமாம். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்று சாயங்காலமே தெருக்கோடி நமசிவாயம் அண்ணாச்சி வீட்டு கேட்டில் போய் நின்றேன். அவர் காஞ்சிபுரம் போய்வந்தவர். நீங்கள் தொட்டீர்களா என்று கேட்டேன். தொட்டாராம், ஆனால் இடது கையால். வலது கையில் செல்ஃபி எடுக்க மொபைல் இருந்ததாம். சங்கரு, இடது கை செல்லுமா செல்லாதா என்று நான் அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு மெய்யாகவே யோசித்தேன். அறிவியல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியையாக இருந்தவள் நான். அண்ணாச்சி கையை நீட்டிக்கொண்டு நிற்க, திரும்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் உன் போட்டோ ஞாபகம் வந்தது. போன வருஷம் நீ அந்தப் படியில் ஏறி, எம்பி, வலது கை ஐந்து விரலும் பல்லி மேல் பட நின்று எடுத்த போட்டோ. அதற்கும் நான் குழுவில் எழுதினேன், படி இன்னும் உயரமாக இருந்தால் நேரே கைலாயத்துக்கே போயிருப்பாய் என்று. இப்போது அதே போட்டோவைப் பெரிதாக்கி உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நன்றாகத்தான் தொட்டிருக்கிறாய்.

கேட்கவே கூசுகிறது, கேட்டுவிடுகிறேன். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி ஒரு தடவை வந்துவிட்டுப் போ. தம்பி அக்கா தலையில் கை வைப்பது முறை இல்லை. கையை மட்டும் கொடு, பிடித்துக்கொள்கிறேன். ஸ்ரீமதியிடம் ஆபரேஷனுக்குத் துணை என்று மட்டும் சொல். பல்லி விஷயம் குழுவுக்குத் தெரிய வேண்டாம். அப்படி நீ எழுத நினைத்தாலும் எழுதலாம், அது உன் உரிமை.

உனக்கு மூத்தவள் என்ற ஒரே தகுதியில் உனக்கும் ஸ்ரீமதிக்கும், விஜயசங்கர் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். காபியைக் குறை. தழும்பில் வலி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டு.

இப்படிக்கு,
உன் அக்கா
சண்முகசுந்தரி

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். நீ இதற்குள் படித்திருப்பாய்.

திங்கட்கிழமை இசக்கிப்பாண்டி கவரைத் தபாலில் போட வாங்க வந்தான். வாசல்படியில் நின்று நிலைக்கு மேலே பார்த்து, "ஒரு மொளகா கொறையுதே" என்றான். ஆபரேஷன் நல்லபடியாக நடக்கட்டும் என்று, தேதி முடிவான அன்றே எனக்குத் தெரியாமல் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். நான் அதை ஒட்டடை என்று நினைத்திருந்தேன். செருப்பு அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். கிடைத்தது. வதங்கிப் பழுப்பேறிய மிளகாய், காம்போடு. பல்லி இல்லை என்று அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "நான் எங்க உத்துப் பாத்தேன்? நீங்க பல்லின்னு சொன்னீக. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றான்.

ஆகவே தோஷம் இல்லை, உன் கைக்கும் அவசியம் இல்லை. கவரை அவனிடம் கொடுக்காமல் வைத்துவிட்டு, நிம்மதியாக அஃப்ரினிடம் போனேன். பிரஷர் அப்படியேதான் இருக்கிறது. காரணம் என்று நினைத்ததை நீக்கிய பிறகும் விளைவு நிற்கிறது என்றால் அது காரணம் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். வேறு காரணம் எதுவென்று எனக்குத் தெரியும். நீ குழுவை விட்டுப் போன நாளிலிருந்தே இருக்கிறது. நீ வா. அந்தக் கை எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

அஃப்ரின் வருகிற வாரம் வியாழக்கிழமை பார்க்கலாம் என்றாள். காலண்டரைப் பார்த்தேன், அன்றைக்கு உனக்குச் சந்திராஷ்டமம். வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தம்பி வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.