பதகளி அண்ணை குறுக்கே ஓடிய ஆட்டம்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் முறையாகக் கவலைப்படத் தெரிந்தவர் பதகளி அண்ணை ஒருவரே. நாமெல்லாம் வாடகை, விசா, பிள்ளைகளின் பரீட்சை என்று அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு அரைகுறையாகக் கவலைப்படுகிறவர்கள். அவரோ அதை ஒரு சாத்திரமாகப் பயின்றவர். காரணம் கிடைக்காத நாளில், காரணம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படுவார். நெஞ்சு படபடக்க அந்தரப்படுவதை யாழ்ப்பாணத்தில் பதகளிப்பு என்போம். பெற்றோர் இட்ட பெயர் அவருடைய வதிவிட அட்டையில் இருப்பதாகக் கேள்வி. நான் பார்த்ததில்லை. காட்டும்படி கேட்டால், அட்டை தொலைந்துவிட்டதோ என்று அப்போதே தேடத் தொடங்கிவிடுவார்.

பலசரக்குக் கடையொன்றின் மரக்கறிப் பகுதி அவருடைய பொறுப்பில் இருந்தது. அங்கே பொருள் வாங்குவது, மருத்துவரிடம் ஆலோசனை பெறுவதைப் போன்றது.

“அண்ணை, முருங்கைக்காய் பிஞ்சோ?”

“பிஞ்சுதான் தங்கச்சி. ஆனா நீங்கள் வீட்டை போய்ச் சேருறதுக்கிடையிலை முத்திப்போடுமோ எண்டுதான் யோசிக்கிறன். எங்கை இருக்கிறியள்?”

“கூசேன்வில்.”

“கூசேன்வில்லோ! அவ்வளவு தூரமோ! அப்ப வெண்டிக்காயைக் கொண்டு போங்கோ.”

முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தாததற்குக் காரணம் இருந்தது. பதகளி அண்ணை எச்சரிக்காமல் விட்ட காயைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது வாடிக்கையாளரின் நம்பிக்கை. அத்தகைய காய் அரிது என்பது வேறு விடயம். ஆனால், பொபினியிலுள்ள அரச அலுவலகத்துக்கு வதிவிட அட்டை புதுப்பிக்கப் போகிறவர்கள் மட்டும் அந்தக் கடை வாசலைத் தவிர்த்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போவார்கள். “ரசிப்பிசே, அந்தத் தற்காலிகத் துண்டு, எடுத்தாச்சோ? அதின்ரை கொப்பி? கொப்பிக்குக் கொப்பி?” என்ற மூன்று கேள்விகளில், நிம்மதியாக வந்தவர் நெற்றி வியர்த்து வீடு திரும்பி, எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக்கொண்டு, நேரம் தவறிப் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

ஆயினும் அவருடைய கவலையின் பேருருவத்தைக் காண விரும்பினால் கால்பந்து மைதானத்துக்குத்தான் வரவேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு கோடையிலும் பாரிசின் புறநகரில் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் பழைய மாணவரின் பிள்ளைகள். கல்லூரியின் வாசலைக்கூடக் காணாதவர்கள். ஆனால் அதன் மானம் முழுவதும் அவர்களுடைய கால்களில் இருக்கிறது. எங்கள் கல்லூரியின் பெயரையும் எதிர்க் கல்லூரியின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இருதரப்பிலிருந்தும் இந்த இதழுக்குக் கடிதங்கள் வரும்.

பதகளி அண்ணை தம் காலத்தில் கல்லூரி அணியின் பந்துக் காப்பாளராக இருந்தவர். இப்போது எங்கள் அணியின் தலையாய இரசிகர். ஆட்டம் தொடங்கியதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். என் முகத்திலிருந்து ஆட்டத்தின் போக்கை அறிந்துகொள்வது அவருடைய வழக்கம். நாங்கள் முதலில் ஒரு கோல் அடித்துவிட்டாலோ, நிலைமை மோசமாகிவிடும்.

“போச்சு மாஸ்ரர்! முந்தி அடிச்சுப்போட்டாங்கள். இனி வாங்கத்தானே வேணும்!”

பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். ஆகவே, புதிய பயிற்றுநர் ஒருவரை நியமிப்பதற்காகச் சங்கத்தின் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. தலைவருடைய உணவகத்தின் நிலவறையில், ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கும் இராச் சமையலுக்கும் இடைப்பட்ட வேளையில், வெங்காய மூட்டைகளின்மீது அமர்ந்து விவாதித்தோம். பொருள் ஒன்றே: இடியனைப் பயிற்றுநர் ஆக்குவதா, வேண்டாமா?

இடியன் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கிக்குப் பெயர். அந்தப் பெயரைத் தாங்கியவர் எங்கள் கல்லூரியின் முன்னாள் முன்கள வீரர். எதிர்க் கல்லூரிக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் அடித்த ஒரு கோல் எங்கள் தலைமுறையின் பொதுச்சொத்து. இப்போது விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் தொழில், வளையாத முழங்கால், தனியறை, பேச்சுக் குறைவு. ஆனால் லா சப்பலுக்கு வந்துவிட்டால் அவருக்கு வழி விடுவார்கள். “இவர்தான் அந்தக் கோல் அடிச்சவர்” என்று மனைவியருக்கு அறிமுகம் செய்வார்கள். கோல் அடித்த தூரமோ ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் கோல் வாசலிலிருந்து அடித்தார், பின்னர் நடுக்கோட்டிலிருந்து. இதே வேகத்தில் போனால், விரைவில் அடுத்த ஊரிலிருந்து அடித்திருப்பார்.

இடியனை அமர்த்த வேண்டும் என்றவர் தலைவர். கூடாது என்றவர் காப்புறுதி முகவர் ஒருவர்.

“கோல் அடிச்சவர் எண்டாப்போலை பயிற்சி குடுக்கத் தெரியுமே?” என்றார் முகவர். “நல்லாச் சாப்பிடுற ஆக்கள் எல்லாம் சமையல்காரரோ?”

“சமைக்கிற எனக்குச் சாப்பிட நேரமில்லை. நீர் எனக்குச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிறீர்!”

“அவர் கடைசியாப் பந்தைத் தொட்டது எப்ப?”

“சைக்கிள் ஓடுறதும் கோல் அடிக்கிறதும் மறக்காது ஐசே.”

“முழங்கால் மறந்துபோச்சே!”

அதன்பின் விவாதம், அந்தக் கோல் எந்தக் காலால் அடிக்கப்பட்டது என்ற திசையில் திரும்பியது. இடக்கால் என்றனர் சிலர். வலக்கால் என்றனர் சிலர். தலையால் முட்டியதைத் தம் கண்ணாலேயே கண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். அப்போது அவர் பிறந்திருக்கவில்லை என்பதை அவருடைய தமையனார் நினைவூட்டினார். இறுதியில் எல்லாரும் பதகளி அண்ணையின் பக்கம் திரும்பினார்கள். அந்த ஆட்டத்தில் விளையாடியவர் அவையில் அவர் ஒருவர்தான்.

“நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. எந்தக் கால்?”

“நான் பார்க்கேல்லை,” என்றார் பதகளி அண்ணை. “அப்பவும் நான் மற்றப் பக்கம் திரும்பித்தான் நிண்டனான்.”

“சரி, அதை விடுங்கோ. உங்கடை வாக்கு இடியனுக்குத்தானே?”

அவர் எழுந்தார். “வேண்டாம். அவரைப் போட வேண்டாம். தோத்துப்போவம்.”

இடியனின் உயிர்த்தோழர் என்று நாங்கள் கருதியிருந்த மனிதர் இவர்.

“ஆரைப் போட்டாலும் தோப்பம்!” என்று முகவர் உற்சாகத்தில் கூவித் தம் கட்சியைத் தாமே கவிழ்த்துக்கொண்டார்.

“அதைத்தான் நானும் சொல்லுறன். வேறை ஆரையும் போடுங்கோ.”

“நீங்கள் அவருக்குச் சிநேகிதனோ, சத்துருவோ?” என்று தலைவர் இரைந்தார். கைகள் உயர்த்தப்பட்டன. இடியன் நியமனம் பெற்றார். எதிர்த்து உயர்ந்த கைகளில் முகவருடையதைவிட உயரமாக நின்றது பதகளி அண்ணையின் கை.

மேலே உணவகத்தில் இடியன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல முழங்கால்களைச் சேர்த்து வைத்து அமர்ந்திருந்தார். செய்தியைச் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து விசில் ஊதுகுழல் ஒன்றை எடுத்துக் காட்டினார். புதியது. கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் முன்னரே வாங்கிவைத்திருக்கிறார். அதைக் கண்டதும் பதகளி அண்ணை என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னியள்?”

“மாஸ்ரர், எங்கடை சனம் தோத்தால் ஆரை ஏசும்?”

நான் யோசித்தேன். விளையாடிய பையனை ஏசினால் அவனுடைய தகப்பனார் பக்கத்தில் நிற்பார். நடுவரை ஏசினால் அவருக்குத் தமிழ் விளங்காது. எஞ்சுகிறவர் பயிற்றுநர். எங்கள் சங்கத்தின் எழுதாச் சட்டம் அது.

“போன முறை பயிற்சி குடுத்தவர் இப்ப கறிவேப்பிலை வாங்க எங்கை போறார் எண்டு தெரியுமே? இஞ்சை வாறேல்லை. இந்தத் தெருவிலை முகம் காட்டேலாமல் போச்சு. இடியனுக்கு இந்த ஊரிலை ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை. கிடக்கிறது அந்த ஒரு கோல்தான். தோத்தால் அதையும் பிடுங்கிப்போடுவாங்கள்.”

“வெண்டால்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வளர்ந்த மனிதன் ஒருவன் இப்படியொரு குழந்தைத்தனமான கேள்வியைக் கேட்கலாமா என்ற பார்வை அது.

போட்டி நாளும் வந்தது. கொத்துரொட்டி தட்டும் ஓசை ஒருபுறம், ஒலிபெருக்கி மறுபுறம். இடியன் மடிப்புக் கலையாத விளையாட்டுடையில், கழுத்தில் ஊதுகுழலுடன் எல்லைக்கோட்டருகே நின்றார். பதகளி அண்ணை ஒரு பை நிறையக் கட்டுத்துணி, தைலம், குளுக்கோசு ஆகியவற்றுடன் என்னருகே நின்றார். நின்றது வழக்கத்துக்கு மாறாக மைதானத்தை நோக்கி. ஆனால் ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. இடியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரையாலை கொண்டு போ! கரையாலை!” என்று இடியன் கத்தினார்.

“கொம்மோ?” என்று பிரெஞ்சில், ‘என்ன?’ எனத் திருப்பிக் கேட்டான் எங்கள் முன்கள வீரன் கெவின். அது விளங்கி முடிவதற்குள் எதிரணி முதலாவது கோலை அடித்துவிட்டது. இடைவேளைக்குப்பின் இரண்டாவது. சிறிது நேரத்தில் மூன்றாவது.

கூட்டம் வாய் திறந்தது.

“உது இடியன் இல்லை, ஈரவெடி!”

“கண்டறியாத பயிற்சி! பழக்கினது போதும், போய்ப் பெட்டி ஏத்து!”

இடியன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊதுகுழலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், உரக்கக்கூட அல்ல, கதைபோலச் சொன்னது:

“அந்தக் காலத்துக் கோலும் ஓஃப்சைட்டாம் எண்டுதான் கேள்வி.”

“அப்பிடியோ?” என்றது இன்னொரு குரல். “இருக்கும், இருக்கும்.”

கிடந்த அந்த ஒரு கோலையும் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். பதகளி அண்ணை என்னிடம் பையை நீட்டினார். “இதைக் கொஞ்சம் பிடியுங்கோ மாஸ்ரர்.” அந்தக் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

கெவின் அந்நேரம் பந்துடன் எதிரணியின் காப்பாளரை நோக்கித் தனியே ஓடிக்கொண்டிருந்தான். அன்று எங்களுக்கு வாய்த்த ஒரே வாய்ப்பு அது. எல்லைக்கோட்டைத் தாண்டி, தொப்பை குலுங்க, ஒரு கால் செருப்பு கழன்று பறக்க, பதகளி அண்ணை குறுக்கே ஓடினார். ஓடி, பாய்ந்து, எங்கள் வீரனின் காலடியில் விழுந்து, பந்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கல்லூரிக் காலத்தில் ஒரு நாளாவது அவர் பந்தை அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை என்று பின்னர் பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

“மே செ கி, லூயி?” இது யார் என்று பிரெஞ்சில் கேட்டான் கெவின், ஒன்றும் விளங்காமல்.

நடுவர் ஊதினார். மைதானமே எழுந்து நின்றது. இடியனை ஏசிக்கொண்டிருந்த அத்தனை வாயும் ஒரே கணத்தில் திசை திரும்பியது. “விசரன்! எங்கடை கோலை எல்லே பிடிச்சுப்போட்டான்!” “எதிராளியிட்டைச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிப்போட்டான்!” நால்வர் சேர்ந்து தூக்கியும் பதகளி அண்ணை பந்தை விடவில்லை. ஏச்சு முழுவதும் தம்மீது வந்து சேர்ந்துவிட்டதா என்று ஒருமுறை காதுகொடுத்துக் கேட்டுவிட்டே விட்டார்.

மூன்று கோலால் தோற்றோம். ஆனால் லா சப்பலில் நீங்கள் யாரைக் கேட்டாலும், அந்த ஆட்டத்தை நாங்கள் வென்றிருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். மூன்று கோல் பின்னால், ஆட்டம் முடியும் தறுவாயில், ஒரு கோல் போட்டிருந்தால் எப்படி வென்றிருப்போம் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. “இடியன் நல்லாத்தான் பழக்கி வைச்சவர். பதகளியாலை போச்சு.” தீர்ப்பு அவ்வளவுதான்.

கார் து நோர் நிலையத்தை நோக்கித் திரும்பிய தொடருந்தில் அவரருகே நான் ஒருவனே அமர்ந்தேன். “வேணுமெண்டுதானே அண்ணை ஓடினியள்?” என்று கேட்டேன்.

“கெவினுக்குக் கால் பிரண்டுபோச்சோ தெரியேல்லை,” என்றார் அவர், வெளியே பார்த்தபடி. “தைலம் பூசியிருக்கலாம். பையை உங்களிட்டைத் தந்துபோட்டன்.”

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. செய்தியைச் சொல்ல மரக்கறிப் பகுதிக்குப் போனேன்.

“உங்களை இனி மைதானத்துக்குள்ளை விடுறேல்லையாம் அண்ணை.”

“அது நியாயம்தானே,” என்றார், கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்தபடி.

“இடியன் அண்ணரை வாற வருசமும் போட்டிருக்கினம்.”

கீரைக்கட்டு கையிலிருந்து நழுவியது. “ஐயோ மாஸ்ரர்! நானும் உள்ளை வரேலாது. திரும்பவும் தோத்தால் ஆர் ஓடுறது?”

பேருந்துக்குக்கூட ஓடியறியாதவன் நான். ஆயினும் அந்த வாரமே ஓட்டக் காலணி ஒரு சோடி வாங்கிவிட்டேன். கோடைக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவசரத்துக்கு ஓடும்போது அது காலைக் கடித்துவிடுமோ என்பதுதான் இப்போது கவலையாக இருக்கிறது.