பத்தாவது இடத்துக்கு ஒரு சாட்சி

“நாட்டோட தலைசிறந்த கிட்டார்க்காரங்க பத்துப் பேர்ல, ஒன்பது பேரை முடிவு பண்ணிட்டோம் சார். பத்தாவது இடம்தான் இழுபறி. நீங்களா, தொப்பி சாரான்னு” என்றாள் பத்திரிகைக்காரப் பெண்.

மாஸ்டருக்கு டீ கசந்தது. பத்தாவது இடமே அவமானம். அதற்கும் போட்டியா? அதுவும் அந்தத் தொப்பியோடு!

“அந்த ஒன்பது பேர் யாரும்மா?”

சொன்னாள். ஒருவருக்குத் தலைமுடி பிரமாதம். ஒருவர் மேடையிலேயே கிட்டாரைப் போட்டு உடைத்தவர். இன்னொருவர் போன வருஷம் செத்துப்போயிருந்தார். அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. காலமெல்லாம் யார் யார் பாட்டுக்கோ வாசித்துவிட்டு, இப்போது மாடி அறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறார். ஒரு தடவையாவது தன் பேர் அச்சில் வரவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

“படகுப் பாட்டு நடுவுல ஒரு கிட்டார் வருமே, கேட்டவங்க அழுவாங்களே, அது என் கை. அது ஒண்ணு போதாதா?”

“அதையேதான் தொப்பி சாரும் சொல்றார்.”

“அவன் சொல்லுவான்! இதோ, என் வீட்டுக்காரியே சாட்சி. கல்யாணம் நிச்சயமான புதுசு, ஸ்டுடியோவைக் காட்டக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஏய், அன்னிக்கு யார் வாசிச்சா, சொல்லு!”

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “ரெண்டு பேரும்தான் வாசிச்சீங்க.”

“பாட்டுல இருக்கறது யாரோடது?”

“அதைச் சொல்ல நான் யாரு?” என்று உள்ளே போய்விட்டாள்.

சாட்சி காலை வாரியதும் மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. “வாசிச்சே காட்டறேன்” என்று கிட்டாரை எடுத்தார். ஆரம்பம் ஓடியது. பாதியில் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

“ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு” என்றது சமையலறை.

“எனக்குத் தெரியும்!” என்று ஆத்திரத்தோடு முறுக்கினார். கம்பி படாரென்று அறுந்தது.

“பரண்ல இன்னொரு கிட்டார் இருக்கே சார், அதுல வாசிங்களேன்” என்றாள் பத்திரிகைக்காரப் பெண்.

“அதுவா? இவ பொறந்த வீட்டுலேர்ந்து கொண்டுவந்தது. ஒரு வீட்டுல ரெண்டு கிட்டார் அழுதா அக்கம்பக்கம் தாங்குமா? வந்த அன்னிக்கே மேல போடச் சொல்லிட்டேன்” என்று சிரித்தார் மாஸ்டர். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

இது வேலைக்கு ஆகாது என்று மாஸ்டர் போனை எடுத்தார். “டேய் தொப்பி, தைரியம் இருந்தா என் முகத்தைப் பாத்துச் சொல்லுடா!”

தொப்பி அடுத்த தெருதான். டீ ஆறுவதற்குள் வந்து நின்றார், தலைமுடி கொட்டிப்போனதை மறைக்கும் அதே தொப்பியோடு.

“உன் முகத்தைப் பாத்தே சொல்றேன். அது என் கை.”

“உன் கை அன்னிக்கு நடுங்குச்சு!”

“உனக்கு மட்டும் தாளம் நின்னுச்சா? வாசல்ல என் சட்டையைப் பிடிச்சவன்தானே நீ!”

நடந்தது இவ்வளவுதான். அன்று இருவரும் ஆளுக்கொரு தடவை வாசித்தார்கள். எதை வைத்துக்கொள்வது என்று வாசலில் அடித்துக்கொண்டார்கள். முறைத்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பாட்டு வெளிவந்தது, கிட்டார் யார் என்று அதில் பேர் போடவில்லை. தன்னுடையதுதான் என்று இருவருமே சந்தேகமில்லாமல் நம்பினார்கள். அன்றிலிருந்து ஜென்ம விரோதம்.

“அப்ப ரெண்டு பேரையும் விட்டுடறேன் சார். அந்த இடத்துக்கு வேற ஒருத்தர் இருக்கார், விளம்பரத்துல வாசிக்கறவர்” என்று எழுந்தாள் பெண்.

“இரும்மா! ரெக்கார்டிங் பண்ணின இன்ஜினியர் இன்னும் இருக்கார். அவர் சொன்னா ஒத்துக்கறேன்” என்றார் மாஸ்டர்.

“நானும்” என்றார் தொப்பி.

மனைவி அவசரமாக வெளியே வந்தாள். “அந்தப் பெரியவரை எதுக்குங்க அலைய விடணும்? பத்தாவது இடம்தானே, விட்டுத் தொலைங்க.”

“உனக்கு என்னடி தெரியும் கிட்டாரைப் பத்தி? போய் இன்னொரு டீ போடு.”

அவள் போனாள். மாஸ்டர் இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

இன்ஜினியர் தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்தார். உட்காரக்கூட விடவில்லை.

“அண்ணே, படகுப் பாட்டு! நானா, இவனா?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே!”

பெரியவர் இவரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். இருவரையும் சரியாக ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. அப்போது டீத் தட்டோடு மாஸ்டரின் மனைவி வந்தாள். பெரியவர் முகம் சட்டென்று மலர்ந்தது.

“அடடே, நீங்களாம்மா! இவங்க ரெண்டு பேரும் வாசல்ல மல்லுக்கட்டிட்டு இருந்தப்ப, ஒரே டேக்ல வாசிச்சு என் மானத்தைக் காப்பாத்திட்டுப் போனீங்களே, அப்புறம் ஏம்மா கிட்டார் பக்கமே வரல?”