வெடி மாமியும் என் விசாவும்

ஒரு வெளிநாட்டுச் சர்க்காரை முகத்துக்கு நேராகத் திட்டி, திட்டிய வாய்க்கு அவர்கள் செலவிலேயே டீயும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தவர் இந்தியாவில் ஒரே ஒருவர்தான். அவர் மந்திரி இல்லை, எம்.பி. இல்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருந்த வெடி மாமி.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பங்குச்சாமியாருக்கே மறந்துபோயிருந்தது. குரல் அப்படி. மாமி கடையில் நின்று சத்தம் போட்டால் துறைமுகத்தில் கிரேன் தானாக நின்றுவிடும் என்பார்கள். என் அப்பா அங்கே கிரேன் ஓட்டியவர். அவர் இதை மறுத்ததில்லை. யாருக்கு எந்த ஆபீசில் காரியம் ஆகாவிட்டாலும் மாமியைத்தான் கூட்டிப்போவோம். மின்சார ஆபீசில் ஒரு முறை மாமி படியேறுவதைப் பார்த்தே பயந்து, நாங்கள் கேட்காத கம்பத்துக்கும் சேர்த்து விளக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

மாமிக்கு வெயில் அடித்தால் தலைவலி என்று கோபம், மேகம் போட்டால் கருவாடு காயாது என்று கோபம். இதெல்லாம் மாலைக்குள் ஆறிவிடும். ஆறவே ஆறாத ஒன்று உண்டு. கடலுக்குக் கிளம்புகிறவனிடம் "எப்ப வருவே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மீன்பிடிக்கப் போனாலும் சரி, கொழும்புக்குத் தோணியில் போனாலும் சரி, பெண்டாட்டி கேட்க மாட்டாள், போகிறவனும் சொல்ல மாட்டான். கேட்டால் ஆகாது, பதில் சொன்னால் அதைவிட ஆகாது. ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் ஒருவர், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய தோணிக்காரர் ஒருவரிடம் மரியாதைக்கு, "அண்ணாச்சி, திரும்ப எப்போ?" என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சி பையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். மாமி விளக்குமாற்றோடு விரட்டிய விரட்டில், தபால்காரர் அதற்குப் பிறகு எங்கள் தெருக் கடிதங்களை எல்லாம் அடுத்த தெருவிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தத் தெருவில் பிறந்த எனக்கு எழுபதுகளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடலியல் படிக்க இடம் கிடைத்தது. உதவித்தொகையும் உண்டு. மாமிக்கு அதுவே கோபம்.

"கடலைப் படிக்க அங்கன எதுக்குல போற? இங்கன கிடக்கது என்ன குளமா?"

விசாவுக்கு மெட்ராஸ் போனேன். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூடவே நாலு வார்த்தை சேர்ந்து வந்துவிடும். கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி என் மதிப்பெண்ணைப் பார்த்தார், பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு, "படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா? எப்போது வருவீர்கள்?" என்று கேட்டார்.

நான் விலங்கியல் பட்டதாரி. மூடநம்பிக்கை ஒழிப்பு என்று கல்லூரி மேடையில் பேசிக் கோப்பை வாங்கியவன். என்ன பிரயோசனம்? கிளம்புகிற நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒருத்தனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அவர் மறுபடியும் கேட்டார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவன் என்று எழுதி, விசா கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. எங்கள் ஊர்க்காரனா திரும்பி வர மாட்டான்? பரம்பரை பரம்பரையாகக் கடலில் போவதும் திரும்பி வருவதும் தவிர நாங்கள் வேறு என்ன வேலை பார்த்தோம்? அறைக்குள் உட்கார்ந்து ரப்பர் முத்திரை குத்துகிறவருக்கு இது தெரியுமா?

இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் வகுப்புத் தொடங்குவதற்குள் விசா வராவிட்டால் இடமும் போய்விடும், உதவித்தொகையும் போய்விடும். வீட்டில் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாமி நெத்திலிக் கூடையோடு உள்ளே வந்தார்.

"அந்த ஆபீசரு அப்படி என்னலே கேட்டான்?"

"படிச்சிட்டு எப்ப திரும்பி வருவேன்னு கேட்டாரு மாமி."

மாமி கூடையைக் கீழே வைத்தார். "கிளம்புத பிள்ளைட்டயா கேட்டான்?"

"அது அவங்க ரூலு, அக்கா," என்றார் அப்பா. "எல்லார்ட்டயும் கேப்பாங்களாம். இவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"அவன் எப்படிச் சொல்லுவான்? ஒழுங்கா வளந்த பிள்ள. நான் வாரேன் மெட்ராசுக்கு. அந்தப் பயலுக்குத் தாயி இருக்காளா இல்லயான்னு கேக்கேன்."

மாமி வந்தால் விசா மட்டுமல்ல, இரு நாட்டு உறவே முறிந்துவிடும் என்று அப்பாவும் நானும் பயந்தோம். ரயில் என்றைக்கு என்று மாற்றிச் சொன்னோம். பெட்டியில் ஏறிப் பார்த்தால் ஜன்னலோரத்தில் மாமி, மடியில் கருவாட்டுப் பொட்டலம். மெட்ராஸ் வரைக்கும் எங்கள் இருக்கைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. நான் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன்.

விசா ஆபீஸ் வாசலில் காவலாளி, விண்ணப்பித்தவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார். மாமி ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வரிசையில் நின்றவர்கள் கைதட்டத் தொடங்கியதும், அந்த அம்மாளையும் உள்ளே விடச் சொல்லி ஆள் வந்தது.

அதே அறை, அதே அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு மெட்ராஸ் பெண்மணி. மாமி உட்காரவில்லை.

"ஏய்யா, வாசல்ல கால வைக்கவன மறிச்சு எப்ப வருவேன்னு கேக்கியே, நீ வெளங்குவியா? ஒங்க ஆத்தா ஒன்ன இப்படிக் கேட்டுத்தான் கப்பல் ஏத்துனாளா?"

"இந்த அம்மாள் கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார்," என்று பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னார்.

மாமி அடுத்துப் பேசியதை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. பெண்மணி முகம் சிவந்துபோய், "மிகவும் வருத்தத்தில் இருக்கிறார்," என்றார்.

அதிகாரி மணியடித்தார். வெளியே தள்ளத்தான் ஆள் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். டீ வந்தது. மாமிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்படிக் கேட்டால் என்ன தப்பு என்று அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். அடுத்த வெடிக்கு நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். மாமி டீயைச் சாசரில் ஊற்றிக் குடித்து முடித்தார்.

"நான் கேட்டேன்," என்றார். "கலியாணம் முடிஞ்ச புதுசு. எங்க வீட்டுக்காரரு கொழும்புக்குத் தோணி ஏறப் போனாரு. எனக்கு வழக்கம் தெரியும். தெரிஞ்சும் வாய் நிக்கல. எப்ப வருவியன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழம பூசைக்கு இங்கன இருப்பேன்னாரு. தோணியும் வரல, அவரும் வரல."

அவர் கணவர் கடலோடு போனது தெருவுக்கே தெரியும். மாமி கேட்டது யாருக்கும் தெரியாது. பெண்மணி இந்த முறை எதையும் சுருக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். தனக்குப் புரிகிறது, ஆனால் பதில் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது, யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன். மாமி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"நீ வாய மூடுல."

பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "ரெண்டு வருசப் படிப்பு. முடிஞ்ச ஒடனே வந்துருவான். நான் சொல்லுதேன். எழுதிக்கோ."

விசா கிடைத்தது. திரும்பும் ரயிலில் மாமி யாரையும் திட்டவில்லை. காலை மிதித்த டிக்கெட் பரிசோதகரைக்கூடச் சும்மா விட்டார். நான் கிளம்பிய அன்று தெருவே ஸ்டேஷனுக்கு வந்தது. மாமி மட்டும் கடையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்துகொண்டார். எனக்கு அப்போது அது பெரிய கோபம்.

பிறகுதான் அப்பா எழுதினார். மாமி மாதா கோயிலில் நேர்ச்சை போட்டிருக்கிறார்: நான் வந்து சேரும்வரை யார் மீதும் சத்தம் போடுவதில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தது. மின்சார ஆபீசில் இஷ்டத்துக்கு விளக்கை அணைத்தார்கள். கூட்டிப்போக ஆள் இல்லாமல் தெரு மொத்தமும் என்னைத் திட்டியது. "படித்தது போதும், வந்து சேர். இங்கே நியாயம் கேட்க நாதி இல்லை," என்று அப்பாவே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். என் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பேராசிரியர் அவசரப்படுத்தியதில்லை. எங்கள் தெரு அவசரப்படுத்தியது.

படிப்பு முடிந்து தெருவுக்குள் நுழைந்தபோது மாமி சாளை மீனைத் திருப்பிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து என் தோளை, கையை, முகத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"ஏலே, மூதேவி, ரெண்டு வருசமாலே…"

என் தலைமுடியைத் திட்டினார், நான் இளைத்துப்போனதைத் திட்டினார், கடலைத் திட்டினார், அந்த அதிகாரியையும் அவர் தாயாரையும் திட்டினார். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள். திட்டத் திட்ட மாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்று அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன். அதைக் கேட்கத்தான் நான் அத்தனை தூரம் வந்திருந்தேன்.