மனுசன் கை ஆடும், அலுமினியம் ஆடாது

பினாங்குத் தீவில் நீங்கள் எந்த அழகான இடத்துக்குப் போனாலும் உங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருக்கும் இனங்கள் இரண்டு. ஒன்று குரங்கு. மற்றதற்கு ஐந்து கால்கள்: இரண்டு சொந்தம், மூன்று அலுமினியம். இந்த இரண்டாவது இனத்துக்கு ஸ்டாண்டுக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். 'ஸ்டாண்டு' என்று சொல்லாதீர்கள், 'டிரைபாட்' என்று சொல்லுங்கள் என்று அவர் நம்மைத் திருத்துவார். திருத்தட்டும். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். கொடிமலை உச்சியில் நாமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து ஒரு திருகைத் திருகிக்கொண்டிருப்பார். தைப்பூசத்தன்று ரோடு முழுக்கத் தேங்காய் உடைபடுகிறது, தண்ணீர்மலைக்கு ரதம் வருகிறது, கூட்டம் கைகூப்புகிறது. அவரோ மூன்று கால்களை விரித்து, ரசமட்டத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, ஒரு காலை அரை விரல் உயர்த்தி, இன்னொரு காலை அரை விரல் தாழ்த்தி, நிமிர்கிறார். ரதம் போய்விட்டது. அவருடைய ஆல்பத்தைப் புரட்டினால் வருடா வருடம் ரதத்தின் பின்பக்கம்தான் இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பின்பக்கத்தில் துளி ஆட்டம் இருக்காது.

இந்த இனத்தில் நான் பக்கத்திலிருந்து பார்த்த உருப்படி கதிர்காமநாதன். துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்கனமானவர், சுத்தமானவர், பிறருக்குத் தீங்கு நினைக்காதவர். கையில் கேமராவைக் கொடுக்காதவரை. அவருடைய வேதம் ஒரே வரி: "மனுசன் கை ஆடும், அலுமினியம் ஆடாது." இதைக் கல்யாணத்திலும் சொல்வார், கருமாதியிலும் சொல்வார். சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் கையைப் பார்ப்பார். பார்த்தால் எந்தக் கைதான் ஆடாது?

ஸ்டாண்டைச் சுமப்பது அவர் மனைவி பத்மாவதி. போகிற இடத்திலெல்லாம் ஃபோகஸ் பார்ப்பதற்காக முதலில் நிற்பதும் அவர்தான். கொஞ்சம் வலது பக்கம், கொஞ்சம் பின்னால், முகத்தைத் தூக்கு என்று எல்லாம் சரிசெய்துவிட்டு, "இப்ப நீ விலகிக்கோ, வியூ மறைக்குது" என்பார் கதிர்காமநாதன். ஒரு முறை பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை எடுக்கப் போனார்கள். படத்தில் சூரியன் அழகாக விழுந்திருந்தது. பத்மாவதி ஒரு வாரம் கால் முழுக்கக் கொசுக்கடித் தழும்போடு இருந்தார். இத்தனை வருடக் குடும்ப ஆல்பத்தில் அந்த அம்மாள் இருக்கும் படங்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். ஃபோகஸ் என்னவோ அத்தனை படத்திலும் அவர் நின்ற இடத்தில்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தொண்ணூற்றொன்பதாம் வருடம் சுலைமான் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டார்.

சுலைமானுக்கு ஜுருவில் கார் சாமான் கடை. புதிதாக எது வந்தாலும் ஊருக்கு முதலில் வாங்கி, வாங்கிய அன்றே பழசையெல்லாம் அடக்கம் செய்துவிடுகிறவர். அந்தக் கேமராவுக்கு ஃபிலிம் கிடையாது, ஃப்ளாப்பியில் படம் ஏறும், எடுத்த மறுநொடி முதுகில் உள்ள சின்னத் திரையில் தெரியும். டீக்கடையில் அதை மேசைமேல் வைத்து, இனிமேல் ஸ்டாண்டு என்பது வெற்றிலை இடிக்கும் உரல் மாதிரி, வீட்டில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். "கேமராவே எல்லாம் பார்த்துக்கும்லா அண்ணே. நாம சும்மா அமுக்கினா போதும்."

அமுக்கியும் காட்டினார். தேநீரை உயரத் தூக்கி இழுத்துத் தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்தவரை எடுத்தார். திரையில் அந்த மனிதருக்கு மூன்று கைகள் இருந்தன, தேநீர் ஒரு கயிறு மாதிரி எங்கோ போய்க்கொண்டிருந்தது. பார்த்தியா ஆட்டத்தை, ஸ்டாண்டு இல்லாத குறை என்றார் கதிர்காமநாதன். ஆடினது என் கை இல்லை, அவர் கை, ஸ்டாண்டை எனக்கு வைக்கணுமா அவருக்கு வைக்கணுமா என்று சுலைமான் கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் வேறு பேச்சே கிடையாது.

அந்த வருடம்தான் கதிர்காமநாதனின் சகலை விஸ்வலிங்கம் தன் மகன் ஆனந்தராஜாவுக்குக் கல்யாணம் வைத்தார். விஸ்வலிங்கத்துக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. காரணம், தைப்பிங்கில் இருக்கும் அவருடைய அக்கா கனகேஸ்வரி. அக்காவும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆகிறது.

சண்டை சொத்துக்காக இல்லை. ஒரு படத்துக்காக. விஸ்வலிங்கத்தின் மூத்த மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். அதன் இடது ஓரத்தில் ஒரு பட்டுப் புடவைத் தலைப்பும், வளையல் போட்ட ஒரு கையும் தெரியும். அந்தக் கைதான் கனகேஸ்வரி. மீதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவர் வந்து பார்த்தார். என்னை இந்த வீட்டில் இவ்வளவுதான் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். விஸ்வலிங்கம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் சொன்னது: "நீ கொஞ்சம் உள்ளே தள்ளி நின்னிருக்கலாமே அக்கா."

அக்கா அன்று மதியமே பஸ் ஏறினார். பிறகு விஸ்வலிங்கத்துக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது ஒரு கூடை பழம் வந்தது. அக்கா வரவில்லை.

ஆனந்தராஜா தைப்பிங்குக்குப் போய் அத்தையின் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டான். வருகிறேன், ஆனால் கல்யாண மண்டபத்துக்கு இல்லை, பொன்னுருக்குக்கு மட்டும் வருகிறேன் என்றார் அவர். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு அது. வீட்டு மனிதர்கள் மட்டும் கூடுவது. வந்து நிற்பேன், உன்னோடு ஒரு படம் எடுத்துக்கொள்வேன், பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன், போய்விடுவேன். இதுதான் அவர் சொன்ன நிபந்தனை.

ஒரு படம். ஏழு வருடச் சண்டைக்குக் காரணமான அதே சாமான். இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று விஸ்வலிங்கம் யோசித்து முடிப்பதற்குள் கதிர்காமநாதன் ஸ்டாண்டைத் துடைத்து வைத்துவிட்டார். போன முறை யாரோ கையில் பிடித்து எடுத்ததால் வந்த வினை இது, இந்த முறை ஓர் அங்குலம் தப்பாது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் அழைக்கப்பட்ட சுலைமானும் கேமராவோடு வந்தார். அவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இந்த இனங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பொன் உருக்கி முடிந்ததும் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் வரிசையாக நின்றோம். அந்த வீட்டோடு பழக்கம் என்ற முறையில் நானும் நின்றேன், விஸ்வலிங்கத்துக்கு நேர் பின்னால். நாங்கள் நின்ற மறுகணம் சுலைமான் அமுக்கிவிட்டு, முடிந்தது அண்ணே, எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்று திரையைக் காட்டினார். கதிர்காமநாதன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தன் மூன்று கால்களை விரிக்கத் தொடங்கினார்.

தரை ஓடு ஒரு பக்கம் சரிவு. பழைய பேப்பர் கேட்டார். மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தார். இப்போது மற்றக் கால் தூக்கியது. ஃப்ளாஷ் போட்டால் என்ன என்று யாரோ கேட்டதற்கு, அது முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடும், நான் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடி எடுக்கப்போகிறேன், நீங்கள் மூச்சைப் பிடித்து நின்றால் போதும் என்றார். பிறகு எங்களை உயரப்படி, குள்ளமானவர்கள் நடுவில் வர, அடுக்கினார். அக்காவும் தம்பியும் ஒரே குள்ளம். அதனால் யார் எதை நினைக்கும் முன்பும் இருவரும் நடுவில் தோளோடு தோள் வந்துவிட்டார்கள். விலகி நிற்க முயன்ற கனகேஸ்வரியைப் பார்த்து, ஆடாதீங்க, நீங்கதான் எனக்கு சென்டர் என்றார்.

வெயில் கூரைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. விஸ்வலிங்கத்தின் மனைவி தவமணி புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்ளக் கையைத் தூக்கினார், ஆடாதீங்க. மாப்பிள்ளை தும்மினான், இன்னொரு முறை முதலிலிருந்து. கனகேஸ்வரி நேராக முன்னால் பார்த்தபடி நின்றார். பார்வை கல் மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நிபந்தனையில் உள்ள ஒரு படத்தையும் ரத்து செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போது, உதடு அசையாமல், யாருக்கும் சொல்லாத மாதிரி அவர் சொன்னார்: "உன் சகலை கேமராதான் வைக்கிறாரா, இல்லே வீடு கட்டுறாரா?"

விஸ்வலிங்கம் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் கேமராப் பக்கமிருந்து 'ஆடாதீங்க' என்று சத்தம் வரும். "அஸ்திவாரம் முடிஞ்சிருக்குக்கா. இனிமேதான் சுவர்."

கதிர்காமநாதன் கறுப்புத் துணி இல்லாத குறையாகக் கேமராவுக்குள் தலையை விட்டிருந்தார். விஸ்வலிங்கத்தின் பிடரியில் வியர்வை ஓடிச் சட்டைக் காலருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் சொன்னதை இந்த வீட்டில் வேறு எந்த இடத்திலும் அக்காவை நேராகப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார். பார்க்க வேண்டாத இடம் அது ஒன்றுதான்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"ஏழு வருஷமா யோசிச்சியா?"

"சொன்ன அன்னைக்கே தெரிஞ்சிருச்சு. இதைச் சொல்றதுக்குத்தான் இத்தனை நாள் ஆச்சு."

"ஆடாதே," என்றார் கனகேஸ்வரி. "படம் கெட்டுடும்."

ஆனால் ஆடியது அவருடைய தோள்தான். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. அக்கா தோளும் தம்பி தோளும் சேர்ந்து குலுங்கத் தொடங்கிய நேரத்தில் கதிர்காமநாதன் டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து வரிசையின் கடைசியில் நின்று, மூச்சைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கேமரா மெதுவாகத் திறந்து மெதுவாக மூடியது.

அக்கா சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அன்று தைப்பிங் பஸ்ஸுக்குப் போகவில்லை, கல்யாண மண்டபத்துக்கும் வந்தார்.

படம் கழுவி வந்தது. கூரைத் தகரத்தின் துரு தெரிந்தது, தவமணி புடவையின் கரை தெரிந்தது, வரிசைக் கடைசியில் கதிர்காமநாதனின் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் இரண்டு பேர் முகம் கலைந்து, ஒருவர்மேல் ஒருவர் வழிந்துபோய் இருந்தார்கள். கதிர்காமநாதனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒரு சமாதானத்தை உண்டாக்கியவர் நீங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் சரி, ஆடிட்டாங்களே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதே உடுப்பில் வந்து அதே இடத்தில் நிற்க முடியுமா என்று ஒவ்வொரு வீடாகப் போன் செய்தார். கனகேஸ்வரிக்கும் செய்தார். அவர் என்ன சொன்னாரென்று கதிர்காமநாதன் இன்றுவரை வெளியில் சொல்லவில்லை.

சுலைமான் தன் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். அதில் ஆட்டமே இல்லை. அக்காவும் தம்பியும் தெளிவாக இருந்தார்கள், பகையாளிகளாக, இரண்டு தூண்கள் மாதிரி. பாருங்க அண்ணே, ஸ்டாண்டு இல்லாமலே ஷார்ப் என்றார் அவர். பெரிதாக்கிப் பார் தம்பி, முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் போகும் என்றார் இவர். டீக்கடைக்கு மறுபடி வேலை வந்தது.

கனகேஸ்வரி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கலைந்த படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது அது தைப்பிங் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் நடுவில் இருப்பது யார் என்று கேட்கிறார்கள். அவரும் சொல்கிறார்.

சரி. உங்களிடம் ஸ்டாண்டு கிடையாது, கேமராவே கிடையாது, கதிர்காமநாதனைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்காவின் தோள் குலுங்கிய அந்த இடத்தைப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? ஷட்டரைக் கொஞ்சம் வேகமாக வைத்திருந்தால், அல்லது இரண்டடி தள்ளி வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தால், படம் சரியாக வந்திருக்குமே என்று ஒரு கணம் மனசு போகவில்லையா?

போயிருந்தால், புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ வெகுநேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விடச் சொல்லுங்கள்.