நர்ஸ் கேட்கப் போய் ஆடிவிட்டு வந்தது

அன்புத் தம்பி லாமெக்குக்கு,

அக்கா எனலேசி எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் மக்காச்சோளமும் விழாமல் நிற்கிறோம். அங்கே லிலாங்வேயில் நீயும் நீ ஓட்டும் ஆபீஸ் வண்டியும் நிற்காமல் ஓட வேண்டுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறர் வாயால் கேட்டால் இன்னும் சிரிப்பாய். மாவட்ட சுகாதார அதிகாரியிடம் சண்டை போடப் போன நான், அவர் முன்னால் எல்லாரையும்விட அதிகமாக இடுப்பை ஆட்டிவிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியும், போன மழைக்காலம் முதல் நம் ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ் கிடையாது. பூட்டின வாசலில் ஒரு கோழி அடைகாக்கிறது. அது பிரசவம் பார்க்கும் இடம் என்று கோழிக்காவது புரிந்திருக்கிறது. மகள் தமண்டானிக்கு இது எட்டாம் மாதம், தலைப்பிரசவம். பெரிய ஆஸ்பத்திரி இருபது மைல். போன மாதம் ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள், பாலம் தாண்டுமுன் பிறந்துவிட்டது, பிள்ளை தங்கவில்லை. அதிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே என் மகள் கதவைச் சாத்துகிறாள்.

இதற்காகத்தான் உன் தொண்டு நிறுவன ஆபீஸ் ஒரு பெண்ணை அனுப்பியது, உரிமையைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொடுக்க. நல்ல பெண்தான், ஆனால் இரண்டு நாளும் பெரிய தாளில் ஒரு மரம் வரைந்து, பிரச்சினைக்கு வேர் எது, இலை எது என்று எங்களையே கேட்டாள். "வேரு, நர்ஸு இல்ல. இலையும் நர்ஸு இல்ல. போதுமாம்மா?" என்றேன். "அக்கா, பெரியவங்கள கண்டா போடற பழக்கத்துல மண்டி போட்டுடாதீங்க, அதிகாரி கண்ணப் பாத்துப் பேசுங்க" என்றாள். சரி என்று வீட்டில் உன் மச்சான் பிஸ்விக்கை வைத்துப் பழகினேன். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக நேராகக் கண்ணைப் பார்க்கிறேன், மனிதர் நிசீமாக் களி உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல எனலேசி" என்கிறார். எதைப் பண்ணவில்லை என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டத்தன்று பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி ஒன்றரைக்கு வந்தார். விருந்தாளி வந்தால் பெண்கள் ஒரே மாதிரித் துணி கட்டி ஆடாமல் எந்தக் கூட்டம் தொடங்கும்? பாட்டெடுத்தவள் என் தோழி நசிபெக்கோ. கேட்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவது அவள் வழக்கம், நன்றியை வாங்கிக்கொண்டவருக்குக் கேட்டதைக் கொடுக்காமலிருக்கக் கூசுமாம். "நர்ஸைத் தந்த அப்பா வாழ்க" என்று அவள் பாட, நாங்கள் குலவையிட, அதிகாரியே எழுந்து ஆட, அவர் ஆடும்போது நான் எப்படிச் சும்மா நிற்பது, எதிரே போய்விட்டேன். பேச என் முறை வந்ததும் முழங்கால் தானாக மடங்கிவிட்டது. மண்டி போட்டபின் கண் எங்கே தெரியும்? அவருடைய பூட்ஸிடம்தான் எல்லாக் குறையையும் சொன்னேன். அது பொறுமையாகக் கேட்டது. "பரிசீலனையில இருக்கு, தாய்மாரே" என்றார் அவர். மறுபடி குலவை.

"என்னடி சொல்றாரு?" என்றாள் நசிபெக்கோ.

"இல்லேங்கறாரு."

"அப்ப எதுக்குடி குலவை போட்ட?"

"நீ போட்டியேன்னுதான்!"

போன வாரம் ஊர்த் தலைவர் அதிகாரி அனுப்பிய ஒரு காகிதத்தைப் படித்தார். இவ்வூர் மக்கள் மிகுந்த திருப்தியுடன் இருப்பதால் நர்ஸ் நியமனத்துக்கு அவசரமில்லையாம். தம்பி, உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் பெரியவர்களிடம் சொல்: ஆட்டம் வேறு, திருப்தி வேறு. இழவு வீட்டிலும்தான் நாங்கள் பாடுகிறோம். தமண்டானிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இனி எந்த அதிகாரி வந்தாலும் கல்லு மாதிரி உட்காருவதென்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

உன் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் உன் வண்டிக்குப் பஞ்சரும் வராமல் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா எனலேசி

பின்குறிப்பு: மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டாதே. கடிதத்தை ஒட்டுமுன் நர்ஸே வந்துவிட்டாள். காட்டு ஊருக்கு யாரும் வரமாட்டேன் என்பார்களே, இவள் அதிகாரியின் போனில் எங்கள் ஆட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த ஊர் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம். தமண்டானியின் வயிற்றில் கை வைத்து, "தலை நல்லா இறங்கிருக்கு, பயப்படாதம்மா" என்றாள். பிறகு எங்களோடு ஆட இறங்கினாள், கணுக்கால் பிசகிவிட்டது. இன்று காலை அவளை மாட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம்.