மனித வாடையற்ற முகாமில் வெந்நீர்

மனித குலம் இதுவரை செய்த தியாகங்களிலேயே மகத்தானது, மாரா ஆற்றங்கரையில் ‘ஆதிமௌனம்’ சுற்றுலாக் கூடார முகாமை நிறுவியதுதான். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை மனிதனே கிடையாது. இந்த ‘மனிதனற்ற நிலை’யைக் கட்டிக்காக்க நாற்பத்திரண்டு பேர் அல்லும் பகலும் உழைத்தார்கள்.

அவர்களில் ஒருவன் சிரோங்கா. கூடாரங்களுக்குப் பின்னால் கம்பத்தில் தொங்கும் குளியல் வாளியில் வெந்நீர் விளாவி ஊற்றுவது அவன் உத்தியோகம். அது குழாய் வழியே உள்ளே கொட்ட, விருந்தாளி குளிப்பார்; வெளியே சிரோங்கா இல்லாதவன்போல் நிற்பான். இதில் அவனுக்கு நல்ல பெயர்.

பாழாய்ப்போன மழை பொய்த்தது. ஊர்க்குட்டை வறண்டு, அவனுடைய சினைப்பசு இரண்டு நாளாகத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆறோ முகாமின் ‘காட்சி எல்லை’க்குள் ஓடியது. அவன் அனுமதி கேட்டான். மேலாளர் வச்சீரா அதற்கென்றே ‘காட்சித் தூய்மைக் கூட்டம்’ கூட்டினார்.

“யானை குடிக்குது, நீர்யானை அதுக்குள்ளயே கெடக்குது. என் பசு ஒரு வாய் குடிச்சா ஆறு வத்திடுமாங்கய்யா?”

“அதெல்லாம் வனவிலங்குப்பா. உன் பசு கழுத்துல மணி தொங்குதே!”

“கழட்டிடறேங்க.”

“கழட்டிட்டா மட்டும்? மாடுன்னு ஒண்ணு இருந்தா மாட்டுக்காரன்னு ஒருத்தன் இருப்பான்னு விருந்தாளிக்குத் தெரிஞ்சுபோகுமே. வனாந்தரத்தோட மானம் என்னாகுறது?”

கோரிக்கை ‘பரிவுடன்’ நிராகரிக்கப்பட்டது.

வீட்டில் மனைவி நைபானொய் சீறினாள். “எவளோ ஒரு சீமாட்டி முதுகு நனையணும், வாயில்லா ஜீவன் சாகணும். நல்லாருக்குய்யா உன் உத்தியோகம்!”

சிரோங்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. மறுநாள் மாலை மணியைக் கழற்றிவிட்டு, பசுவைப் புதர் வழியாக மூன்றாம் கூடாரத்தின் பின்பக்கம் ஓட்டிவந்தான். வெந்நீரில் விளாவ வைத்திருந்த பச்சைத் தண்ணீர் முழுவதையும் அது ஒரே மூச்சில் உறிஞ்சியது. வாளியில் வெறும் வெந்நீர்தான் விழுந்தது.

“ஐயோ, சுடுதே!” என்று துண்டைச் சுற்றிக்கொண்டு தலையை நீட்டிய சீமாட்டி வாயைப் பிளந்தாள். “அடேயப்பா! இது என்ன மிருகம்?”

சிரோங்கா பணிவாகக் குனிந்தான். “காட்டெருமைங்க மேடம். அபூர்வமான ஜாதி. புள்ளி போட்டது.”

அவள் முதுகு எரிச்சலை மறந்து படம் எடுத்துத் தள்ளினாள். “நீ கொஞ்சம் தள்ளிக்கப்பா. படத்துல மனுஷன் விழுந்தா காடு மாதிரியே தெரியாது.”

அவள் படங்களை வச்சீராவிடம் காட்டிப் பூரித்ததும், காட்சித் தூய்மைக் கூட்டம் அவசரமாகக் கூடியது. ‘புள்ளிக் காட்டெருமை’ தினமும் நான்கு மணிக்கு ஆற்றில் நீர் அருந்தலாம் என்றும், அதன் அருகே மனித நடமாட்டம் அறவே கூடாது என்றும் ஏகமனதாக முடிவானது. அன்றுமுதல் பசு ராஜநடை போட்டுப் போனது. சொந்தக்காரன் பின்னால் முட்புதரில் தவழ்ந்து போனான். தவழ்ந்தாலும் அவனுக்குச் சந்தோஷம்தான், பசு பிழைத்துவிட்டதே!

சீமாட்டி கிளம்பும்போது பார்வையாளர் ஏட்டில் மனமுருகி எழுதிய வரிகளை வச்சீரா கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னார். ஆணியடித்து மாட்டியது சிரோங்கா.

“சுற்றுவட்டாரத்தில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. வெந்நீர் மட்டும் தினமும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.”